டெல்லி அரசு முதியோர் இல்ல ஆபீஸில் சீனியர் அசிஸ்டென்ட் வேலை: புதிதாகச் சேர்பவர்களுக்கு

மற்ற அரசு ஆபீஸ்களில் வேலை தாமதமானால் கவுன்ட்டர் முன்னால் யாராவது வந்து நிற்பார்கள். ரேஷன் கார்டு வராதவர் சத்தம் போடுவார், லைசென்ஸ் கிடைக்காதவர் உள்ளூர்க் கவுன்சிலரைக் கூட்டி வருவார். முதியோர் இல்ல ஆபீஸில் அந்த நெருக்கடியே கிடையாது. மூன்று மாதமாகப் பென்ஷன் நின்றுபோன பாட்டி மாடி வார்டில் படுத்திருப்பார். நின்றுபோனதே அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் படி இறங்கி வந்து கேட்க முடியாது. கேட்பதற்குப் பிள்ளைகளும் வருவதில்லை. வருகிறவர்களாக இருந்தால் அவர் இங்கே இருக்கவே மாட்டார்.

அதனால் மேஜைக்கு வந்த பேப்பரை ஒழுங்காகத் தள்ளிவிட்டால் இந்த வேலையில் பாதிதான் முடிந்திருக்கும். வந்திருக்க வேண்டிய எந்தப் பேப்பர் வரவில்லை என்று பார்ப்பது மீதிப் பாதி. அதை யாரும் உத்தரவாக எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

டெல்லி அரசின் சமூக நலத் துறை பிந்தாபூர், லாம்பூர் போன்ற இடங்களில் முதியோர் இல்லங்களை நடத்துகிறது. டெல்லி அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் டி.எஸ்.எஸ்.எஸ்.பி. வாரியத்தின் தேர்வெழுதி, கிரேடு நான்கு என்ற தொடக்கநிலை க்ளார்க் பதவியில் சேர்ந்து சீனியர் அசிஸ்டென்ட் ஆனவர்களும், ஒப்பந்தத்தில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டராக வந்து அதே நாற்காலியின் வேலையைப் பார்ப்பவர்களும் இப்படிப்பட்ட இடங்களில் உண்டு. மயூர் விகாரிலோ ஆர்.கே. புரத்திலோ வளர்ந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, இந்தி தண்ணீர்பட்ட பாடாக இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சுலபம். ஊரிலிருந்து நேரே வந்து இறங்கியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். நான் இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் வாரம்

சேர்ந்த அன்றைக்கே, பொறுப்பை ஏற்றுக்கொண்டதைக் காட்டும் சார்ஜ் ரிப்போர்ட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர் டிரான்ஸ்ஃபர் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அவசரத்தில் நிற்பார். போடுங்கள், ஆனால் ‘பட்டியலில் உள்ளபடி பெறப்பட்டது, நேரில் சரிபார்க்கவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். பிறகு அந்த வாரத்துக்குள் ஒவ்வொரு ஃபைலாக எடுத்துப் பார்த்து, இல்லாதவற்றுக்குப் பட்டியல் போட்டு சூப்பரின்டென்டென்ட்டுக்கு நோட் கொடுத்துவிடுங்கள். பழைய வாட்டர் கூலர் வாங்கிய ஃபைல் எங்கே என்று ஆடிட் கேட்கும்போது உங்களுக்குத் துணைக்கு இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான். கம்ப்யூட்டரில் ஓடும் ஈ-ஆபீஸ் ஃபைல்களுக்கும் இதே முறைதான். பழையவரின் இன்பாக்ஸில் எத்தனை மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று அவர் ஐடி மூடப்படுவதற்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த வேலை வார்டைச் சுற்றிவருவது. கையில் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, வெல்ஃபேர் ஆபீசரையோ கேர்டேக்கரையோ கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போங்கள். பட்டியலில் இருப்பவர் கட்டிலில் இல்லையென்றால் எங்கே என்று கேளுங்கள். தீன்தயாள் உபாத்யாய் (டி.டி.யு.) ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருக்கலாம், மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம், இறந்துபோய்ப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கலாம். க்ளார்க்குக்கு வார்டில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆளைப் பார்க்காமல் அவருடைய ஃபைலை நடத்த முடியாது. படுக்கையிலேயே இருப்பவர் யார், கைரேகை தேய்ந்தவர் யார், தன் பெயரைச் சொல்லத் தெரியாதவர் யார் என்பதெல்லாம் பேப்பரில் வராது.

சுற்றி வந்ததும் ஒரு எக்செல் ஷீட் போடுங்கள். பெயர், ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, எந்தப் பென்ஷன், எந்த பேங்க், லைஃப் சர்டிஃபிகேட் (உயிரோடு இருக்கிறார் என்று பென்ஷனுக்காகக் கொடுக்கும் சான்று) கடைசியாகக் கொடுத்த தேதி, இலவச சிகிச்சைக்கான ஆயுஷ்மான் கார்டு உண்டா, ரத்த உறவு யார், அவரிடம் கடைசியாகப் பேசிய தேதி. துறை கேட்கும் ரிப்போர்ட் வேறு, இது உங்களுக்கானது. ‘கடைசியாகப் பேசிய தேதி’ என்ற கட்டம் முக்கியம். போன் நம்பர் இருக்கிறது, ஆனால் அது ஐந்து வருடமாகச் சுவிட்ச் ஆஃப் என்பது ஓர் ஆள் ஐ.சி.யு.வில் இருக்கும் ராத்திரியில்தான் பல ஆபீஸ்களுக்குத் தெரியவருகிறது.

ஒருவர் பெயரில் நான்கு பேர்

சேர்க்கும்போது ஒவ்வொருவருக்கும் தனி ஃபைல் திறக்க வேண்டும். விண்ணப்பம், அடையாளம், வயதுக்கு ஆதாரம், டெல்லியில் குடியிருந்ததற்கு ஆதாரம், டாக்டர் சான்று, உறவினர் விவரம், கையில் கொண்டுவந்த பொருள்களின் பட்டியல். இதெல்லாம் செக்லிஸ்டிலேயே இருக்கும். வயசானவரைத் தெருவிலிருந்து மீட்டு அழைத்து வந்திருந்தால், எல்டர்லைன் என்ற முதியோர் உதவி எண் 14567க்கு வந்த அழைப்பா, போலீஸ் கொண்டுவந்து விட்டதா என்பதையும் அந்த டயரி எண்ணோடு முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பின்னால் உறவினர் தேடி வந்தால் அந்த எண்தான் நூல் நுனி.

செக்லிஸ்டில் இல்லாத சங்கடம் பெயர். நம் ஆட்களுக்கு இது இன்னும் அதிகம். ஜங்புராவிலோ திரிலோக்புரியிலோ நாற்பது வருடம் வீட்டு வேலை செய்த ஒரு தமிழ்ப் பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அவர் மு. லட்சுமி. இங்கே ரேஷன் கார்டு எழுதிய க்ளார்க் தன் பழக்கத்தில் ‘லக்ஷ்மி தேவி’ என்று போட்டிருப்பார். பேங்க் பாஸ்புக்கில் ‘லக்ஷ்மி எம்’. இனிஷியலை விரித்து எழுதியதால் ஆதாரில் ‘லட்சுமி முருகன்’. செத்துப்போன கணவரின் பி.எஃப். பேப்பரில் ‘லெட்சுமி அம்மாள்’. நான்கும் ஒரே ஆள் என்பது நமக்குப் புரியும். பென்ஷன் அனுப்பும் கம்ப்யூட்டருக்கு அவர்கள் நான்கு பேர்.

இதைச் சரிசெய்யும்போது எடுத்த எடுப்பில் ஆதாரைத் தொடாதீர்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. முதலில் அவரிடம் இருக்கும் எல்லாப் பேப்பரிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அதில் எதை மாற்றுவது மிகக் கடினமோ, பெரும்பாலும் அது பென்ஷன் ஆர்டராக இருக்கும், அதற்கு மற்றவை எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பாருங்கள். பேங்க் பெயரை கே.ஒய்.சி. படிவத்தில் மாற்றுவது சுலபம், அதை முதலில் செய்யுங்கள். இனிஷியல் விரிவது, ‘தேவி’ ஒட்டிக்கொண்டது போன்ற வித்தியாசத்துக்கு ‘இருவரும் ஒருவரே’ என்ற அஃபிடவிட் பல இடங்களில் போதும். அது நடக்காது என்று தெரிந்த பிறகே ஆதார் மையத்துக்கு அழைத்துப் போங்கள், அதுவும் எழுத்துக்கு எழுத்து என்ன வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டு.

பிறந்த தேதியிலும் இதே கதைதான். பிறந்த நாள் தெரியாத எத்தனையோ பேருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும். வருடம் சரியாக இருக்கும்வரை அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஒரே ஒரு மாற்றத்தை ஜனவரியை ஆகஸ்ட் ஆக்குவதில் செலவழித்துவிட்டால், 70 வயதுக்காரரை 61 என்று காட்டும் வருடத்தைத் திருத்த வாய்ப்பிருக்காது.

முகவரியும் உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள், மற்றவர்கள் எங்கெங்கோ போனார்கள். அப்படிப்பட்ட ஓர் இடத்திலிருந்து வருகிறவரின் ஆதார் முகவரிக்குத் தபால் போட்டால் அது எங்கேயும் போய்ச் சேராது. அங்கீகாரம் பெற்ற இல்லத்தின் தலைவர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சான்று கொடுத்தால் இல்லத்தின் முகவரிக்கே மாற்றிக்கொள்ளலாம். சேர்ந்த முதல் மாதத்திலேயே இதை முடித்துவிட்டால் பேங்க் கடிதம், பென்ஷன் கடிதம் எல்லாம் உங்கள் டாக் பெட்டிக்கே வரும். மொபைல் நம்பரையும் மறக்காதீர்கள். ஆதாரோடு இணைந்த நம்பர் பிரிந்துபோன மருமகனுடையதாக இருந்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும், பணம் எடுத்த செய்தியும் சேர்த்து.

தேதிப் பட்டியல்

என்னைக் கேட்டால் இந்த வேலையின் முதுகெலும்பு இதுதான். நோட் நன்றாக எழுதாதவரைக்கூட ஹெட் க்ளார்க் திருத்திவிடுவார். தேதியைத் தவறவிட்டால் திருத்த ஆளில்லை.

முதலில் லைஃப் சர்டிஃபிகேட். மத்திய அரசுப் பென்ஷனும் குடும்பப் பென்ஷனும் வாங்குபவர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அதைப் பயன்படுத்தி அவர்களை முன்னாலேயே முடித்துவிடுங்கள், நவம்பர் கூட்டத்தில் பாதி குறைந்துவிடும். பி.எஃப். ஆபீஸ் தரும் இ.பி.எஸ். பென்ஷனுக்குக் கணக்கே வேறு. கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும், எந்த மாதத்திலும் கொடுக்கலாம். ஒருவர் போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஜூன் 9இல் கொடுத்திருந்தால் இந்த வருடம் ஜூன் 9க்கு முன்னால் கொடுக்க வேண்டும். ‘எல்லோருக்கும் நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வைத்தால் ஜூலையிலிருந்து அவருக்குப் பணம் நிற்கும். இ.பி.எஸ்.ஸில் குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். வெளியே இருப்பவருக்கு அது சின்னத் தொகை. இல்லத்தில் இருப்பவருக்கு அதுதான் தன் கையில் இருக்கும் ஒரே பணம், பேத்திக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் பணம்.

கைரேகை வேலை செய்யாது என்று முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரலே வழவழப்பாகிவிட்டவர்கள் நிறைய. 2021இல் வந்த முகப் பதிவு வசதியை மொபைலிலேயே செய்யலாம். லைஃப் சர்டிஃபிகேட்டுக்கான ஜீவன் பிரமாண் ஆப்பும் ஆதாரின் முக அடையாள ஆப்பும் இருந்தால் போதும். காலை வெளிச்சத்தில், ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள். கண் சிமிட்டச் சொல்லும், அதைத்தான் சிலருக்குப் புரியவைக்க நேரமாகும். முடிந்ததும் வரும் பிரமாண் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து நிலவரத்தைப் பாருங்கள். பென்ஷன் தரும் இடம் நிராகரித்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். ‘அனுப்பியாச்சு’ என்று விட்டுவிட்டவர்களுக்குத்தான் ஜனவரியில் ஓட்டம்.

அடுத்தது ஆயுஷ்மான் கார்டு. 2024 அக்டோபர் இறுதியிலிருந்து 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று வந்தது. டெல்லி இத்திட்டத்தில் 2025 ஏப்ரலில்தான் சேர்ந்தது. வய வந்தனா கார்டு என்று பெயர். வயதை ஆதாரை வைத்தே பார்க்கிறார்கள். உங்கள் ஷீட்டில் அடுத்த மூன்று மாதத்தில் 70 ஆகிறவர்களை வடிகட்டி எடுத்து, பிறந்த நாள் தாண்டிய வாரமே பதிவு செய்துவிடுங்கள். எலும்பு முறிந்த பிறகு ஆஸ்பத்திரி வராண்டாவில் கார்டு போட ஓடுவது எல்லோருக்கும் துன்பம். மத்திய அரசு ஊழியர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்குமான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம், அவர்களைக் கேட்காமல் பதிவு செய்துவிடாதீர்கள்.

கட்டடத்துக்கும் தேதிகள் உண்டு. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தீயணைப்புச் சிலிண்டர் நிரப்பிய தேதி, தீயணைப்புத் துறைச் சான்று, தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி, செக்யூரிட்டி ஏஜென்சி ஒப்பந்தம் முடியும் நாள். ஒப்பந்தக்காரர் வேலையைச் செய்யாமல் விட்டால் ஈடுகட்ட, ஒப்பந்தத்தோடு வாங்கிய பேங்க் கேரன்ட்டியின் தேதியைத் தனியாக எழுதுங்கள். ஒப்பந்தக் கடமைகள் முடிந்து 60 நாள் வரை அது செல்ல வேண்டும் என்பது 2017 பொது நிதி விதிகள் சொல்வது. ஒப்பந்தத்தை மூன்று மாதம் நீட்டித்துவிட்டுக் கேரன்ட்டியை நீட்டிக்க மறந்துபோகும் ஆபீஸ்கள் ஏராளம்.

கேர்டேக்கர், சுத்தம், சமையல் ஆகிய மூன்று ஒப்பந்தங்களுக்கும் முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்னாலேயே ஃபைலைக் கிளப்புங்கள். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டலில் ஏலம் போட்டு, டெக்னிக்கல் கமிட்டி கூடி, நிதிப் பிரிவு இரண்டு முறை கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பி முடிவதற்குள் அந்த ஆறு மாதம் போய்விடும். ஒப்பந்தம் இல்லாத மாதத்தில் டயாபர் மாற்ற ஆளில்லை என்றால் அதற்குப் பதில் சொல்ல எந்த விதியும் உதவாது.

நோட் எழுதுவது

‘வார்டு இரண்டில் கீசர் வேலை செய்யவில்லை. உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.’ இப்படி ஒரு நோட் மேலே போனால் ‘பேசவும்’ என்ற ஒரே வார்த்தையோடு திரும்பி வரும். டிசம்பர் குளிரில் மூன்று நாள் போச்சு.

மேலே இருப்பவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போடும்படி எழுதுங்கள். அதே கீசருக்கு: எந்தத் தேதியில் யார் புகார் கொடுத்தது, அது ஃபைலின் கடிதப் பகுதியான கரஸ்பாண்டன்ஸில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று முதல் பாரா. அந்த வார்டில் 22 பேர், அதில் 9 பேர் படுக்கையில், தினமும் உடல் துடைக்க வெந்நீர் வேண்டும் என்று இரண்டாவது. கீசர் கட்டடத்தோடு பொருத்தியது, ஆகவே பழுது பார்ப்பது பொதுப்பணித் துறை (பி.டபிள்யு.டி.) மின்பிரிவின் வேலை, போன வருடமும் அவர்கள்தான் செய்தார்கள், அந்தக் கடிதம் இன்ன பக்கத்தில் என்று மூன்றாவது. அதுவரை சமையலறையிலிருந்து காலை வெந்நீர் எடுக்க ஏற்பாடு, சமையல்காரரிடம் பேசியாயிற்று என்று நான்காவது. எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியருக்கு அனுப்பும் கடித வரைவு இணைக்கப்பட்டுள்ளது, ஒப்புதலுக்கு என்று கடைசி. பாராக்களுக்கு எண் போடுங்கள், பக்கங்களுக்கும் எண் போடுங்கள். ‘மேலே பாரா 3இல் சொன்னபடி’ என்று நாளைக்கு நீங்களே எழுத வேண்டிவரும்.

பணம் சம்பந்தப்பட்ட நோட் என்றால் இன்னும் மூன்று விஷயம் சேர்க்க வேண்டும். எந்த பட்ஜெட் தலைப்பில் பணம் இருக்கிறது, இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது, இந்தத் தொகைக்கு அனுமதி தரும் அதிகாரம் யாருக்கு. கடைசியானதைத் தப்பாக எழுதினால் ஃபைல் தேவையில்லாமல் செக்ரட்டேரியட் வரை போய்த் தூங்கிவிட்டு வரும்.

பில்

சமையல் ஒப்பந்தக்காரர் மாதக் கடைசியில் பில் கொடுப்பார். 96 பேர், 30 நாள், ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று பெருக்கி அழகாக இருக்கும். உடனே பாஸ் பண்ணாதீர்கள். வார்டு மூவ்மென்ட் ரெஜிஸ்டரை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 4ஆம் தேதியிலிருந்து 17 வரை இரண்டு பேர் ஆஸ்பத்திரியில், ஒருவர் தீபாவளிக்கு வீட்டுக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்திருக்கிறார், 11ஆம் தேதி காலை ஒருவர் இறந்திருக்கிறார், 20ஆம் தேதி ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஒவ்வொரு நாளுக்கும் சாப்பிட்டவர் எண்ணிக்கையைத் தனித்தனியாக எழுதிக் கூட்டினால் வருவதுதான் சரியான தொகை. அந்தத் தாளை பில்லோடு வையுங்கள். ஒப்பந்தக்காரர் முதல் மாதம் கோபித்துக்கொள்வார், மூன்றாவது மாதம் அவரே சரியாகப் போட்டுக்கொண்டு வருவார்.

ஏஜென்சி ஆட்களின் பில்லில் வருகைப் பதிவோடு போன மாதத்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் கட்டிய செலான்களும் இருக்க வேண்டும். செலானில் மொத்தத் தொகையைப் பார்த்தால் போதாது, பெயர்ப் பட்டியலில் நம் இல்லத்தில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். வேறெங்கோ வேலை செய்யும் நாற்பது பேரின் செலானை வைப்பதும் நடக்கும்.

பில், அரசுப் பணத்தை எடுக்க அதிகாரம் பெற்ற அதிகாரியான டி.டி.ஓ. கையெழுத்தாகி, அதைச் சரிபார்த்துப் பணம் தரும் கணக்கு அலுவலகமான பி.ஏ.ஓ.வுக்குப் போகும். மார்ச் மாதம் பில் வாங்குவதற்குக் கடைசி நாள் என்று ஒரு சர்க்குலர் வரும், அதற்கப்புறம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிப்ரவரிக்குள் பாக்கிகளை முடித்துவிடுங்கள். அரசு மானியத்தில் தொண்டு நிறுவனம் நடத்தும் இல்லத்தில் நீங்கள் இருந்தால் பி.ஏ.ஓ. கவலை இல்லை, அதற்குப் பதில், மானியத்தை எதற்காகக் கொடுத்தார்களோ அதற்கே செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றுக் கவலை. பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் அதைக் கொடுக்காமல் அடுத்த மானியத்தை எதிர்பார்க்க வேண்டாம். மானியப் பணத்துக்கு பேங்க் போட்ட வட்டியையும் கணக்கில் காட்ட வேண்டும்.

இந்தியும் தமிழும்

மத்திய அரசு ஆபீஸாக இருந்தால், இந்தியில் வந்த கடிதத்துக்கு இந்தியில்தான் பதில் என்று 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் சொல்கின்றன. அந்த விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது, டெல்லிக்குப் பொருந்தும். மத்திய அரசு ஆபீஸில் சேர்ந்தவர்கள் பிரபோத், பிரவீண், பிராக்யா என்ற மூன்று இந்தி வகுப்புகளை அரசுச் செலவிலேயே முடித்துவிடலாம். டெல்லி அரசு ஆபீஸில் நோட் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடினாலும் வாசலில் வரும் புகார்கள், போலீஸ் கடிதங்கள், வார்டு பாயின் சீட்டு எல்லாம் இந்தி. கையெழுத்து இந்தியை வாசிக்கப் பழகுங்கள். அச்சிலிருப்பதைப் படிப்பவர்களே டெல்லி போலீஸ் ஹவல்தாரின் கையெழுத்தில் திணறுவார்கள்.

தமிழ் தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு கூடுதல் வேலை தானாக வந்து சேரும். மறதி நோய் முற்றினால் பின்னால் கற்ற மொழி முதலில் போவது உண்டு. நாற்பது வருடம் சரளமாக இந்தி பேசியவர் ஒருநாள் வெறும் தமிழில் ‘மாட்டைக் கட்டினியா’ என்று கேட்க ஆரம்பிப்பார். நர்ஸ் உங்களைத்தான் கூப்பிடுவார். போங்கள், பேசுங்கள். வலி எங்கே, சாப்பிட்டாரா, யாரைத் தேடுகிறார் என்று கேட்டு நர்ஸிடம் சொல்லுங்கள், முக்கியமானதை டாக்டரின் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். இங்கே எல்லோரையும் மாதாஜி, பாபாஜி என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்கள் ‘பாட்டி’, ‘ஐயா’ என்று கூப்பிட்டால் அதற்கே சிலர் திரும்பிப் பார்ப்பார்கள்.

கட்டைவிரல் ரேகை கேட்டு வருபவர்கள்

இதில் மட்டும் கெடுபிடியாக இருங்கள். வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத உறவினர் ஒருநாள் ஆப்பிள் பையோடு வருவார். கூடவே ஒரு பேப்பர், ஒரு இங்க் பேட். ஊரில் ஒரு வீடு, பி.எஃப். பாக்கி, டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) ஃபிளாட் என்று ஏதாவது இருக்கும். ‘நீங்க தமிழ்தானே, ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்களேன்’ என்பார்.

போடாதீர்கள். சூப்பரின்டென்டென்ட்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பேப்பரில் என்ன இருக்கிறது என்று தாத்தாவுக்குத் தமிழில் முழுக்கப் படித்துக் காட்டி, அவருக்குப் புரிகிறதா என்று டாக்டர் பார்த்து எழுதி, பிறகு இரண்டு சாட்சிகள் முன்னால் என்றால் சரி. இல்லத்துக்கான பேப்பராக இருந்தாலும் ரேகை வைத்த இடத்தில் எந்தக் கை, யாருடையது, யார் முன்னால், எந்தத் தேதி என்று நான்கும் இருக்க வேண்டும்.

பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்ட பிள்ளைகள் விஷயத்தில் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது. அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அந்தச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் அறிவிக்க முடியும். அதே தீர்ப்பாயத்தில் மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம், சட்டம் சொல்லும் உச்சவரம்பு 10,000 ரூபாய். 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். தானே மனு கொடுக்க முடியாதவருக்காக அவர் அனுமதித்த ஆளோ அமைப்போ கொடுக்கலாம். மனுவை எழுதிக் கொடுத்து, நோட்டீஸ் தேதிகளைப் பார்த்து, விசாரணைக்கு வண்டி ஏற்பாடு செய்வது நம் மேஜை வேலை. பிள்ளைகள் மேல் மனு போட வேண்டாம் என்று பெரியவர் சொன்னால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். சொன்னதை ஃபைலில் தேதியோடு எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து மனம் மாறலாம்.

நகை, பணம் எதையும் உங்கள் டிராயரில் வைத்துக்கொள்ளாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். கவரில் போட்டு ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்தோடு பெட்டகத்துக்குப் போக வேண்டும். ஆதார் நகலை ஸ்டாஃப் வாட்ஸாப் குரூப்பில் போடுவதையும் நிறுத்துங்கள். அவசரத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் இருக்கிறது.

ஒருவர் இறந்தால்

ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவுக்கான தகவலை ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். இல்லத்தில் இறந்தால் நம் பொறுப்பு. டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்கி, 21 நாளுக்குள் பதிவாளருக்குத் தகவல் போக வேண்டும். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாளைத் தாண்டினால் மேலதிகாரியின் எழுத்து அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. பெயரை ஆதாரில் உள்ளபடி கொடுங்கள். இறப்புச் சான்றில் ‘லக்ஷ்மி தேவி’ என்றும் பேங்கில் ‘லட்சுமி முருகன்’ என்றும் இருந்தால் பேத்திக்குப் போக வேண்டிய பணம் மாட்டிக்கொள்ளும்.

உறவினருக்கு போன் பண்ணிய நேரத்தையும் யார் எடுத்தார் என்பதையும் ரெஜிஸ்டரில் எழுதுங்கள். பொருள்களை இரண்டு சாட்சிகள் முன்னால் பட்டியலிடுங்கள், சேர்ந்தபோது எடுத்த பட்டியலோடு ஒப்பிட்டு. பென்ஷன் தரும் இடத்துக்கும் பேங்குக்கும் அந்த வாரமே கடிதம் போட்டுவிடுங்கள். இறந்த பிறகு வந்த பென்ஷனைத் திருப்பிக் கேட்பார்கள், அதற்குள் யாராவது ஏ.டி.எம். கார்டைப் பயன்படுத்தியிருந்தால் இல்லத்து ஸ்டாஃப் எல்லோரும் விசாரணையில் நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கான டயட் எண்ணிக்கையிலிருந்தும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கேள்விகள்

ஆர்.டி.ஐ. மனுவுக்கு 30 நாள். நமக்குச் சம்பந்தமில்லாத மனு என்றால் 5 நாளுக்குள் உரிய ஆபீஸுக்கு மாற்ற வேண்டும். எண்ணிக்கை, செலவு, ஒப்பந்தம் கேட்டால் கொடுங்கள். இல்லத்தில் இருப்பவரின் நோய் விவரத்தையோ குடும்ப விவரத்தையோ கேட்டால் நீங்களாக முடிவெடுக்காமல் தகவல் அதிகாரியிடம் கொண்டுபோங்கள்.

சட்டசபைக் கேள்வி மத்தியானம் மூன்று மணிக்கு வந்து ஐந்து மணிக்குள் பதில் கேட்கும். அனுமதிக்கப்பட்ட இடங்கள், இப்போது இருப்பவர்கள், ஆண், பெண், படுக்கையில் இருப்பவர்கள், காலிப் பணியிடங்கள், இந்த வருடச் செலவு என்று ஒரு பக்கத் தாளை ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுப்பித்து வைத்திருந்தால் பதற வேண்டியதில்லை. கோர்ட், மனித உரிமை ஆணையக் கடிதங்களுக்குத் தனி ரெஜிஸ்டர் போடுங்கள். சாதாரண டாக்கோடு கலந்தால் காணாமல் போகும்.

லீவு

கடைசியாக, நம் ஆட்களுக்கான ஒரு விஷயம். பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. அதாவது நவம்பர் நடுவில், லைஃப் சர்டிஃபிகேட் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, காலை எட்டு மணிக்கு. அன்றைக்குக் காலை லைஃப் சர்டிஃபிகேட் ஸ்லாட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். லீவு அப்ளிகேஷனை அக்டோபரிலேயே போட்டுவிடுங்கள். உங்கள் இடத்தில் பார்க்கப்போகிற லிங்க் ஆளின் பெயர் அதில் இருக்கட்டும். போவதற்கு முன்னால் தேதிப் பட்டியலில் நீங்கள் இல்லாத நாள்களில் விழும் வரிகளை மட்டும் தனியாகப் பிரின்ட் எடுத்து அவர் கையில் கொடுங்கள், மெயிலில் அனுப்பினால் திறக்க மாட்டார். மார்ச்சில் லீவு கேட்க வேண்டாம், கிடைக்காது.